கோயில் பாறை நத்தைகள்

2024 ஜூன் 11, செவ்வாய்

மூன்றாம் பெட்டியில் ஏழு நத்தை முட்டை. உளுந்தில் பாதி இருக்கும், வெள்ளை. ஈரத்துணியை மாற்றினேன். கிள்ளானிலிருந்து தம்பி கொடுத்துவிட்ட கணவாய் ஓடு தீர்ந்துவிட்டது. சுண்ணாம்புச் சத்து இல்லாவிட்டால் இவற்றுக்கு ஓடு கட்டாது. ஞாயிற்றுக்கிழமை மீன் பாசாரில் வாங்கி வைக்கச் சொல்லி மெசேஜ் போட்டால், "எத்தன பேருக்குச் சமைக்கப் போற?" என்று கேட்கிறான். பதினொரு வருஷமாகப் பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் உதவியாளர் நான். என்ன வேலை செய்கிறேன் என்று என் வீட்டு ஆட்களுக்கு இன்னும் சரியாகத் தெரியாது. இவருக்கு, என் வீட்டுக்காரருக்கு, மட்டும் தெரியும். தெரிந்துதான் கிண்டல். காலையில் ஸ்கூல் பஸ்ஸை எடுக்கும்போது, "உன் மருமக்கள்லாம் பசியாறிட்டாங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் கிளம்புகிறார்.

மொத்தம் 53. வளர்ந்தவை 34, குஞ்சு 19.

2024 ஜூன் 23, ஞாயிறு

எங்கள் ஆய்வை நடத்துகிற டாக்டர் பிரேமினி பிரிக்பீல்ட்ஸிலிருந்து வந்து செந்தூலில் என்னை ஏற்றிக்கொண்டார். செலாயாங் தாண்டி அந்தச் சுண்ணாம்புக் குன்றுக்குப் போனோம். முன்பக்கம் எங்கள் மாரியம்மன் கோயில். என் வீட்டுக்காரர்தான் அதற்குச் செயலாளர். பின்பக்கம் ஒரு கல்லுடைக்கும் கம்பெனியின் குத்தகை. நம் நத்தை உயிரோடு இருப்பது அந்தப் பின்பக்கத்தில் மட்டும்தான். உலகத்தில் வேறெங்கும் இல்லை என்கிறார் டாக்டர். புளியங்கொட்டை அளவு, செம்மண் நிறம், வாய் ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டு. இதற்கு மேல் அழகாக ஒன்றை எனக்கு வர்ணிக்கத் தெரியாது.

அடுத்த வருஷம் பின்பக்கத்தில் வெடி வைக்கப் போகிறார்கள். குத்தகை எல்லாம் ஒழுங்காக இருக்கிறது, தடுக்க வழியில்லை. முன்பக்கத்தை மட்டும் தொட மாட்டார்கள், கோயில் இருப்பதால். எனவே பெட்டியில் வளர்த்தவற்றை முன்பக்கத்தில் குடியேற்றுவது என்று திட்டம். அங்கே பாறையடியில் வெறும் ஓடுகள் கொட்டிக் கிடக்கின்றன. ஒரு காலத்தில் இங்கேயும் வாழ்ந்திருக்கின்றன. ஏன் செத்துப்போயின என்றுதான் தெரியவில்லை.

மேலிடம் இரண்டு முறை விடுவதற்குத்தான் அனுமதி கொடுத்திருக்கிறது. பலிக்காவிட்டால் டிசம்பரில் பெட்டிகளை மூடிவிடுவார்கள். மூடுவது என்றால் மிச்சத்தை ஆல்கஹால் புட்டியில் போட்டு, லேபிள் ஒட்டி, அலமாரியில் வைப்பது. லேபிள் ஒட்டுகிறவள் நான்தான்.

2024 ஜூலை 19, வெள்ளி

முதல் ஆடி வெள்ளி. கோயிலில் கால் வைக்க இடமில்லை. நாளைக்குப் பன்னிரண்டு நத்தைகளை விடுகிறோம். எனக்குக் காலையிலிருந்தே படபடப்பு.

உப்பு மிளகு நேர்ந்துகொண்டேன். மகளுக்குச் சின்ன வயதில் கையில் மரு வந்தபோது இதே அம்மனுக்குத்தான் போட்டேன், ஒரு மாதத்தில் கொட்டிப்போனது. மருவுக்கு, சொறிக்கு, அம்மைக்கு என்று தோல் சம்பந்தமான எல்லாவற்றுக்கும் இங்கே உப்பு மிளகுதான். நத்தைக்கு உடம்பு முழுக்கத் தோல்தானே? வாசலில் லோகேஸ்வரி அக்கா கடையில் விற்கிற சின்னப் பொட்டலம் எனக்குப் போதுமென்று படவில்லை. செந்தூல் மளிகைக்கடையிலிருந்து கல்லுப்பு இரண்டு கிலோவாகவே கொண்டுபோயிருந்தேன். சன்னிதிக்குப் பின்னால், பாறையடியில் இருக்கிற சிமெண்டுத் தொட்டியில் மூன்று சுற்று சுற்றிக் கொட்டினேன். பன்னிரண்டும் பிழைக்கணும் தாயே. வேறொன்றும் கேட்கவில்லை.

2024 ஜூலை 20, சனி

விட்டாச்சு. பன்னிரண்டு. ஒவ்வொன்றின் ஓட்டிலும் சிவப்பு நகப்பூச்சால் ஒரு புள்ளியும் பக்கத்தில் ஒரு எண்ணும் வைத்தேன், அடையாளத்துக்கு. தொட்டிக்கு நாலடி தள்ளி, நிழலான இடம், பாறையில் நல்ல பாசி. பழைய ஓடுகள் அதிகம் கிடந்ததும் அங்கேதான், அதனால் டாக்டர் அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தார். முதல் நத்தை கொம்பை நீட்டி நகர்ந்தபோது டாக்டர் என் கையைப் பிடித்துக்கொண்டார். அப்படியெல்லாம் செய்கிற ஆளில்லை அவர்.

2024 ஜூலை 23, செவ்வாய்

நல்ல மழை. அவற்றுக்குக் கொண்டாட்டமாக இருக்கும்.

2024 ஜூலை 27, சனி

ஒன்பது செத்துக் கிடக்கின்றன. மூன்றைக் காணோம்.

ஓட்டின் வாயில் நுரை காய்ந்து ஒட்டிக்கொண்டிருக்கிறது. எறும்பு கடித்த அடையாளம் இல்லை, எலி உடைத்ததும் இல்லை. டாக்டர் ஒவ்வொன்றாகக் குப்பியில் போட்டார். நான் மூடியில் எண் எழுதினேன். 4, 7, 9 - 9 என்பது நானே முட்டையிலிருந்து பார்த்து வளர்த்தது. வீட்டுக்கு வந்து குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். ஐம்பத்தோரு வயசுப் பொம்பள, நத்தைக்கு அழுவுது.

2024 ஜூலை 30, செவ்வாய்

டாக்டர் அறிக்கை எழுத ஆரம்பித்துவிட்டார். "லேப்-ல பிறந்ததுகளுக்கு வெளியில வாழத் தெரியேல்ல, அக்கா. வீக்கா இருக்குதுகள்." யாழ்ப்பாணத்து வழி, தாத்தா காலத்திலேயே இங்கே வந்த குடும்பம். மனசு உடைந்தால் மட்டும் அந்தப் பேச்சு எட்டிப் பார்க்கும். அந்த அறிக்கை போனால் இரண்டாவது முறைக்கு அனுமதி தர மாட்டார்கள். டிசம்பர் வரைகூடப் பெட்டிகள் தாங்காது.

வீக்காவா? என் பெட்டியில் வளர்ந்ததா வீக்கு? எனக்குக் கோபம்தான் வந்தது.

2024 ஆகஸ்ட் 3, சனி

இவர் கமிட்டி வேலையாகக் கோயிலுக்குப் போனார், நானும் தொற்றிக்கொண்டேன். நேற்று மூன்றாவது ஆடி வெள்ளி. தொட்டி நிரம்பி வழிந்து, உப்பும் மிளகும் தரையெல்லாம் கிடந்தன. நாங்கள் விட்ட இடத்தில் போய்க் குந்தி உட்கார்ந்தேன். பாறையடியில் ஒரு சாண் உயரத்துக்கு வெள்ளையாகப் பொருக்குத் தட்டியிருக்கிறது. அது எப்போதும் இருப்பதுதான். சுண்ணாம்புக் குன்றில் வெள்ளை இல்லாமல் வேறென்ன இருக்கும்? நானும் பார்த்திருக்கிறேன், டாக்டரும் பார்த்திருக்கிறார், போட்டோகூட எடுத்திருக்கிறோம்.

விரலால் சுரண்டி நாக்கில் வைத்தேன். ஏன் வைத்தேன் என்று தெரியாது.

உப்பு.

தொட்டியின் கீழே ஒரு ஓட்டை. மழை பெய்தால் தண்ணீர் அதன் வழியாக இறங்கிப் பாறையடியை ஒட்டியே ஓடி லோங்காங் சாக்கடையில் விழுகிறது. போகிற வழியில்தான் எங்கள் பன்னிரண்டும்.

நத்தைக்கு உப்பு ஆகாது என்று ஆறு வயசுப் பிள்ளைக்குத் தெரியும். என் வீட்டுக் கறிவேப்பிலைச் செடியில் பெரிய ஆப்பிரிக்க நத்தை ஏறினால் நானே உப்பைப் போட்டுக் கொன்றிருக்கிறேன். ஆனால் அம்மனுக்குப் போடுகிற உப்பை நான் உப்பு என்று நினைத்ததே இல்லை. அது நேர்த்திக்கடன். அவ்வளவுதான் என் மூளைக்குத் தெரிந்தது. ரெண்டு கிலோடி. ரெண்டு கிலோ. பொட்டலம் பத்தாதுன்னு வேற நெனச்சியே, பாவி.

2024 ஆகஸ்ட் 4, ஞாயிறு

இவரிடம் சொன்னேன். தோசையைப் பிய்த்துக்கொண்டே கேட்டவர் கையை நிறுத்திவிட்டார்.

"டாக்டர்கிட்ட சொல்லப் போறியா?"

"சொல்லாம?"

"அமுதா, யோசிச்சிப் பாரு. கோயிலுக்கு நெலப் பேப்பர் இல்ல. நாப்பது வருஷமா அலையறோம். அந்தம்மா ரிப்போர்ட்ல கோயில் உப்பு போட்டு நத்தைய கொல்லுதுன்னு எழுதுவாங்க. அது நில ஆபீசுக்குப் போகும். ஒரு நாள் காலையில புல்டோசர் வரும். எத்தன கோயில் பாத்துட்டோம்?"

அவர் சொல்வது பொய்யில்லை. பயம்தான், ஆனால் சும்மா வந்த பயமில்லை. இன்னொன்றும் உண்டு, அதை இங்கேயாவது எழுதுகிறேன். என் தயக்கம் கோயிலைக் காப்பாற்ற மட்டும் இல்லை. நான் இரண்டு கிலோ கொட்டியதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

2024 ஆகஸ்ட் 6, செவ்வாய்

சனிக்கிழமை சுரண்டிக் கொண்டுவந்ததைத் தண்ணீரில் கரைத்து, உப்பளவு பார்க்கிற, பேனா மாதிரி இருக்கிற மீட்டரை முக்கினேன். எண் ஏறிக்கொண்டே போனது. கடல் தண்ணீரைவிட அதிகம். டாக்டர் அடுத்த அறையில்தான் இருந்தார். மீட்டரைக் கழுவி வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

2024 ஆகஸ்ட் 7, புதன்

இன்றும் சொல்லவில்லை.

2024 ஆகஸ்ட் 8, வியாழன்

அறிக்கையை அச்செடுத்துத் தரச் சொன்னார். நாளைக்கு அனுப்ப வேண்டுமாம். பிரிண்டரிலிருந்து தாள் தாளாக வருகிறது. நடுவில் அந்த வரி: கூட்டில் வளர்ந்த நத்தைகள் வெளியில் வாழத் தகுதியற்றவை. 9 என் கண்முன் வந்து நின்றது. தகுதியில்லையாம். தகுதி இல்லாதவள் நான்.

தாள்களைக் கொடுக்காமல் கையில் வைத்துக்கொண்டே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். தொட்டி, ஓட்டை, வெள்ளைப் பொருக்கு, மீட்டர் எண், வெள்ளிக்கிழமை.

"நீங்க போட்டீங்களா?"

"ஆமா டாக்டர்."

"எவ்வளவு?"

"ரெண்டு கிலோ."

அவர் எழுந்து ஜன்னல் பக்கம் போனார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பிறகு, "எதுக்கு அக்கா போட்டீங்க?" என்று கேட்டார்.

"பன்னெண்டும் பிழைக்கணும்னு."

சிரிக்கிறாரா அழுகிறாரா என்று எனக்கு விளங்கவில்லை. இரண்டும் போலத்தான் இருந்தது. பிறகு உட்கார்ந்து கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "அந்தப் பழைய ஓடுகளுக்கும் இதுதான் பதில். நான் நாலு வருஷமா தேடினேன். நீங்க நக்கிப் பார்த்துக் கண்டுபிடிச்சிட்டீங்க."

கோயில் பயத்தையும் சொன்னேன். அறிக்கையைத் திருத்தி எழுதாமல் இருக்க முடியாது என்றார். நடந்ததை மறைக்க மாட்டாராம். ஆனால் இரண்டாவது முறை விடும் வரை தள்ளிப்போட்டு அனுப்பலாம், அதற்குள் கோயில்காரர்களே ஏதாவது செய்திருந்தால் அதுவும் சேர்ந்து அறிக்கையில் வரும் என்றார். "நான் வந்து பேசினா விஞ்ஞானம் பேசுவேன், சண்டைதான் வரும். நீங்க பேசுங்க."

நானா?

2024 ஆகஸ்ட் 18, ஞாயிறு

கமிட்டிக் கூட்டம். ஆடி முடிந்த களைப்பில் எல்லோரும். தலைவர் சுகுமாறன் அண்ணன், லோரி வைத்திருப்பவர், குரலே லோரி ஹாரன் மாதிரி. செயலாளரான இவர் என்னை நிமிர்ந்து பார்க்காமல் மினிட்ஸ் எழுதிக்கொண்டிருந்தார்.

எழுந்து நின்றேன். எழுதிக் கொண்டுபோன காகிதத்தை மறந்துவிட்டு, நான் உப்பு போட்ட கதையிலிருந்தே ஆரம்பித்தேன். அதுதான் நல்லதாய்ப் போயிற்று. முதலில் சிரித்தார்கள். ஒன்பது செத்தது என்றபோது சிரிப்பு நின்றது.

சுகுமாறன் அண்ணன் கையைத் தூக்கினார். "அப்ப என்ன சொல்ற? நேர்த்திக்கடன நிறுத்தணுமா? பாட்டன் காலத்துலேர்ந்து போடறோம். ஒரு நத்தைக்காகவா? நாளைக்கே பேப்பர்ல வரும், கோயில் நத்தைய கொல்லுதுன்னு. நமக்கு சாவு மணி அடிச்ச மாரிதான்லா!"

"நிறுத்தச் சொல்லல அண்ணே. குன்றுக்குப் பின்பக்கம் வெடி வைக்கப் போறாங்க. முன்பக்கத்தையும் கம்பெனிக்காரன் ஏன் கேக்கல? கோயில் இருக்கு. இந்தப் பாறைய இத்தன வருஷம் காப்பாத்துனது நம்ம அம்மாதான். நத்தைக்கும் அவங்கதான் வாட்ச்மேன். வாட்ச்மேன் வீட்டு லோங்காங்குல உப்புத் தண்ணி ஓடுது, அதத்தான் சொல்றேன்."

கொஞ்ச நேரம் ஆளுக்கு ஆள் பேசினார்கள். ஒரே இரைச்சல். தொட்டியை நகர்த்தினால் தெய்வக் குற்றம் என்றார் ஒருவர். ஓட்டையை அடைத்தால் போதும் என்றார் இன்னொருவர். அடைத்தால் நிரம்பி வழியும் என்றேன். அப்போதுதான் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த லோகேஸ்வரி அக்கா உள்ளே வந்தார். கமிட்டியில் அவர் இல்லை. ஆனால் அவர் பேசினால் தலைவரே வாயை மூடிக்கொள்வார்.

"ஏன்யா, அம்மா கேக்கறது உப்பு. தொட்டியா கேட்டாங்க? மூடி போட்ட நீலத் தோங் பீப்பா ஒண்ணு வாங்கி அம்மா கண்ணுக்கு நேரா வைங்க. மஞ்சத்துணி கட்டி, குங்குமம் வைங்க. சனங்க அதுல போடும். எங்க போடறதுன்னு நான் பொட்டலம் விக்கும்போதே சொல்லிடறேன். தோங்குல போட்டா அம்மா வேணாம்னு சொல்லிடுவாங்களா?"

அவருக்கு வியாபாரம் முக்கியம், அது எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் சுகுமாறன் அண்ணன் தலையாட்டினார். சேர்கிற உப்பை என்ன செய்வது என்று கேட்டார் பூசாரி. அதற்கு இவர் எழுதுவதை நிறுத்தி, இன்றைக்கு முதல்முறையாக வாயைத் திறந்தார். "கரகத்த தண்ணியில விடறோம்ல. அந்த மாதிரி கடல்ல கரைச்சிடலாம். கேரி தீவுல எங்கண்ணன் இருக்காரு. பஸ்ஸ நான் எடுக்கறேன்."

வீட்டுக்கு வரும் வழியில் நன்றி சொன்னேன். "நத்தைக்காகச் செய்யல, நீ அன்னிக்கு பாத்ரூம்ல அழுதது கேட்டுச்சு" என்றார்.

2024 செப்டம்பர் 16, திங்கள்

மலேசியா தினம், விடுமுறை. கோயிலில் கோத்தோங் ரோயோங், எல்லோரும் சேர்ந்து சிரமதானம். தொட்டியை உடைத்தார்கள், பூசை போட்டுத்தான். பாறையடி மண்ணை ஒரு அடி ஆழத்துக்குத் தோண்டி அள்ளிவிட்டோம். மிளகாகவே வந்தது மண். சுகுமாறன் அண்ணன் சட்டையைக் கழற்றிவிட்டு மண்வெட்டி பிடித்தார். டாக்டர் பிரேமினி வாளியில் மண் தூக்கினார். "டாக்டருங்களா? மண்ணு தூக்கறீங்க?" என்று லோகேஸ்வரி அக்காவுக்கு ஆச்சரியம்.

பாறையைக் கழுவக் கழுவ மீட்டரில் எண் இறங்கியது, ஆனால் போதாது. மிச்சத்தை மழைதான் செய்ய வேண்டும்.

2024 அக்டோபர் 31, வியாழன்

தீபாவளி. மழை. இந்த ஒரு வருஷம்தான் மழையைத் திட்டாமல் பலகாரம் சுட்டேன்.

2024 நவம்பர் 23, சனி

இரண்டாவது, கடைசி அனுமதி. இருபது நத்தைகள். மீட்டர் சரி என்கிறது. ஓட்டில் பச்சைப் புள்ளி வைத்தேன், சிவப்பை மறுபடி தொட மனசு வரவில்லை. திருத்திய அறிக்கையைப் படிக்கக் கொடுத்தார் டாக்டர். உப்பின் கதை முழுக்க இருக்கிறது, கோயில் நிர்வாகம் தானாக முன்வந்து மாற்றியதும் இருக்கிறது. "ஆய்வுக்கூட உதவியாளர் ஒருவர்" என்று என்னைக் குறித்திருக்கிறார். பெயரைப் போடுங்கள் என்றேன். போட்டுவிட்டார்.

விடுவதற்கு முன் சன்னிதியில் வெறுங்கையோடு நின்றேன். என்ன கேட்பது என்று தெரியவில்லை. போன முறை கேட்டதற்கு மன்னிப்பு மட்டும் கேட்டேன்.

2024 டிசம்பர் 1, ஞாயிறு

இருபதில் பத்தொன்பது கண்டேன். எல்லாம் உயிரோடு. பெட்டிகளை இனி மூட மாட்டார்கள் என்றார் டாக்டர்.

2025 மார்ச் 6, வியாழன்

பின்பக்கம் முதல் வெடி. கோயில் மணி தானாக ஆடியதாம். அதற்கு முன்னால் ஆறு நாள் அலைந்து நாங்கள் பொறுக்கியவை 61. எல்லாம் இப்போது பெட்டியில். பாறையில் இருப்பது இனி முன்பக்கத்தில் நாங்கள் விட்டவை மட்டும்தான்.

2025 ஜூலை 18, வெள்ளி

முதல் ஆடி வெள்ளி. லீவு போட்டுவிட்டுக் காலை ஆறு மணியிலிருந்து தோங் பக்கத்தில் நின்றேன். எல்லோரும் ஒழுங்காகத்தான் போட்டார்கள். பதினொரு மணிக்கு ஒரு அங்கிள், காஜாங்கிலிருந்து வந்தவர், நேராகப் பின்னால் போய்ப் பழைய இடத்தில் ஒரு பிடியை வீசிவிட்டார். பாய்ந்து போய் மண்டியிட்டுக் கையால் பொறுக்கினேன். "அம்மாவுக்குப் போட்டத எடுக்கறியேம்மா!" என்று பதறினார். "தோங்குல போடறேன் அங்கிள், அம்மாவுக்குத்தான்." கடைசிக் கல்லுவரை பொறுக்கி, அடியிலிருந்த மண்ணையும் வழித்து எடுத்தேன். முட்டியில் சிராய்ப்பு.

2025 ஆகஸ்ட் 9, சனி

காலைக் கணக்கெடுப்பு. நான் மட்டும் போனேன். நேற்று நான்காவது ஆடி வெள்ளி, நல்ல கூட்டம், ராத்திரி மழையும் பெய்திருந்தது.

பச்சைப் புள்ளி 14. செத்தது ஒன்றும் இல்லை. நிமிரப் போனவள், பாசி ஓரத்தில் மணல் நகர்கிறதே என்று கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தேன். மணல் இல்லை. எள் அளவில் மூன்று. புள்ளி இல்லை. புள்ளி வைக்கவே இடம் இருக்காது அதில். நாங்கள் விட்டது எல்லாம் வளர்ந்தவை.

டாக்டருக்கு போன் போட்டேன். "தொட்டீங்களா?" என்றார். இல்லை என்றேன். "அங்கயே நில்லுங்க அக்கா, வாறேன்." பிரிக்பீல்ட்ஸிலிருந்து வர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று, சனிக்கிழமை ஜேம். அதுவரை நான் அசையவில்லை, யாரையும் அந்தப் பக்கம் விடவும் இல்லை.

வந்தவர் வெள்ளை சிலுவார் கால்சட்டையோடு ஈரத்தில் முழங்கால் போட்டுப் பார்த்தார். பிறகு என் கையிலிருந்த கணக்கெடுப்புப் பாரத்தைக் கேட்டார். அதில் விட்டவை, கண்டவை, செத்தவை என்று மூன்று கட்டம்தான் உண்டு. பேனாவால் ஓரத்தில் ஒரு கோடு இழுத்து, மேலே "இங்கே பிறந்தவை" என்று தமிழில் எழுதிவிட்டு, பாரத்தை என்னிடம் கொடுத்தார்.

எண் எழுதுவது என் வேலை. 3 என்று எழுதினேன்.